விவாதம்: நியூசிலாந்து மழலையர் மையங்களில் மாவோரி மொழியும் வழக்கங்களும் எந்த அளவுக்கு இடம்பெறுகின்றன?

நிலாவின் அப்பா (மவுண்ட் ராஸ்கில், ஆக்லாந்து)

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகளுக்கு மூன்று வயது நிறைந்ததும், அரசின் வாரம் 20 மணி நேரக் கட்டணச் சலுகை கிடைக்கும் என்பதால், வீட்டுக்குப் பக்கத்திலுள்ள ஒரு மழலையர் மையத்தில் சேர்த்திருக்கிறோம். காலையில் குழந்தைகள் வட்டமாக அமர்ந்து மாவோரி மொழியில் வணக்கம் சொல்கிறார்கள். சாப்பிடுவதற்கு முன் கராக்கியா என்னும் மாவோரி வழிபாட்டு வரிகளைச் சொல்கிறார்கள். நிறங்களின் பெயர்களும் எண்களும் மாவோரியில் எழுதிச் சுவரில் ஒட்டப்பட்டுள்ளன. மகள் வீட்டில் மாடிப்படி ஏறும்போது "தஹி, ருவா, தொரு" என்று எண்ணிக்கொண்டே ஏறுகிறாள். கேட்பதற்கு மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது.

ஆயினும் சில ஐயங்கள் உண்டு. சேர்த்த நாளில் பார்த்த அதே அட்டைகள்தாம் இன்றும் சுவரில் இருக்கின்றன. ஆசிரியர்கள் தங்களுக்குள்ளோ குழந்தைகளிடமோ மாவோரியில் ஒரு முழு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை. இது உண்மையான கற்பித்தலா, ஆய்வாளர் வரும்போது காட்டுவதற்கான ஏற்பாடா என்று தெரியவில்லை. ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியும் சேர்ந்தால் தமிழ் இன்னும் பின்னுக்குப் போய்விடுமோ என்பது என் மனைவியின் கவலை. ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமனாரோ, "சாப்பாட்டுக்கு முன் பிள்ளை சொல்வது பிரார்த்தனை என்கிறார்கள், எந்தச் சாமிக்கு?" என்று கேட்கிறார். இத்துறையில் பணியாற்றுபவர்கள் யாராவது விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வளர்பிறை (முன்பள்ளி ஆசிரியை, கிறைஸ்ட்சேர்ச்)

வணக்கம் நிலாவின் அப்பா. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே முன்பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். உங்கள் முதற் கேள்விக்கு முதலில் வருகிறேன். மற்ற இரண்டும் அதைவிட எளியவை.

இந்த நாட்டில் மழலையர் கல்விக்கான பாடத்திட்டத்தின் பெயர் தெ ஃபாரிக்கி. 1996இல் வெளிவந்தது, 2017இல் திருத்தப்பட்டது. ஹெலன் மே, மார்கரெட் கார் ஆகியோருடன் டில்லி ரீடி, தமாத்தி ரீடி என்னும் மாவோரி அறிஞர்களும் சேர்ந்து அதை எழுதினார்கள். அதன் அமைப்பே மாவோரிச் சிந்தனையிலிருந்து எழுந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பிள்ளையின் நலம், மண்ணோடும் உறவுகளோடும் அதற்குள்ள பிணைப்பு, கூட்டத்தில் அதற்குரிய பங்கு, மொழி, சுற்றியுள்ள உலகை ஆராய்தல் என்னும் ஐந்து இழைகளும் முதலில் மாவோரியில் எண்ணப்பட்டவை. ஆங்கிலப் பகுதியும் மாவோரிப் பகுதியும் தனித்தனியாக எழுதப்பட்டு, ஒன்றுக்கு இணையாக மற்றொன்று வைக்கப்பட்டது. ஆகவே, ஆங்கிலப் பாடத்திட்டம் ஒன்றின் மேல் மாவோரிச் சொற்களைத் தூவுவதைப் பாடத்திட்டம் எங்கும் கேட்கவில்லை. நடைமுறையில் பல மையங்களில் நடப்பது அதுதான் என்பதையும் மறுக்க மாட்டேன். பல்கலைக்கழக ஆய்வாளர் ஜெனி ரிச்சி போன்றோர் நெடுங்காலமாக இதையே சுட்டிக்காட்டி வருகிறார்கள்: நிறம், எண், உடலுறுப்பு, "உட்கார்", "கை கழுவு" என்னும் கட்டளைகள் ஆகியவற்றோடு மொழி நின்றுவிடுகிறது.

உரிமம் பெறுவதற்கு 2008ஆம் ஆண்டு விதிமுறைகளோடு வந்த தகுதிகளில் சி5 என்று ஒன்று உண்டு. இம்மண்ணின் மக்கள் என்ற வகையில் மாவோரிகளுக்குரிய தனியிடம் மையத்தின் கற்பித்தலில் தெரிய வேண்டும் என்றும், பிரிட்டிஷ் அரசும் மாவோரித் தலைவர்களும் 1840இல் செய்துகொண்ட வைத்தாங்கி ஒப்பந்தத்தின் இரு தரப்பாரின் மரபையும் பிள்ளைகள் அறிய வாய்ப்பளிக்க வேண்டும் என்றும் அது சொல்லியது. சுவர் அட்டை ஒட்டினால் அந்தத் தகுதியை நிரப்பியதாகக் காட்டிக்கொள்ள முடியும். அங்கேதான் கோளாறு தொடங்குகிறது.

நன்றாக நடக்கும் மையத்தை எப்படி அறிவது என்று கேட்டால், அட்டைகளை விட்டுவிட்டுச் சமையலறையையும் துணி துவைக்கும் இடத்தையும் பாருங்கள் என்பேன். பாத்திரம் துடைக்கும் துணியும் முகம் துடைக்கும் துணியும் ஒரே துவைப்பில் போடப்படுகின்றனவா? சாப்பாட்டு மேசையின் மேல் யாராவது ஏறி உட்காருகிறார்களா, தொப்பியையோ சீப்பையோ அதன் மேல் வைக்கிறார்களா? மாவோரி வழக்கத்தில் தலை புனிதமானது. உடலுக்குரியதும் உணவுக்குரியதும் கலக்கக் கூடாது. எங்கள் வீடுகளில் அடுப்படியில் தலை சீவினால் அம்மம்மா அதட்டுவாரே, அதே ஒழுங்குதான். இவ்வகை வழக்கங்களைத் திக்காங்கா என்பார்கள். ஒரு மையத்தில் தற்காலிகமாக வந்த ஆசிரியர் மேசையில் சாய்ந்து உட்கார்ந்தபோது நான்கு வயதுப் பிள்ளையொன்று ஓடிவந்து, "அது சாப்பாட்டுக்கான இடம்" என்று சொல்லி அவரை எழுப்பியதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. அங்குள்ள பெரியவர்கள் அப்படி நடந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

இன்னோர் அடையாளம், நார்ச் செடியான ஹரகேகேயை வெட்டும் விதம். பாய் முடையவோ சிறு பூக்கள் மடிக்கவோ பிள்ளைகளை அழைத்துச் சென்று இலை வெட்டும்போது, நடுவிலுள்ள குருத்தையும் அதன் இரு பக்கத்து இலைகளையும் தொடக் கூடாது. குருத்து குழந்தை, இரு பக்கத்தவை பெற்றோர். வெளியிலுள்ள மூத்த இலைகளையே சாய்வாக வெட்ட வேண்டும். மழையிலும் இரவிலும் வெட்டுவதில்லை. மீந்த துண்டுகளைக் குப்பையில் போடாமல் செடியின் அடியிலேயே திரும்ப வைக்கிறார்கள். இதை முறையாகச் செய்யும் மையத்தில் தாவரவியல், குடும்பம், சிக்கனம், கைத்தொழில், மொழி எல்லாம் ஒரே முற்பகலில் நடந்துவிடுகின்றன. கைவினைக் கடையில் பிளாஸ்டிக் பட்டை வாங்கிவந்து "மாவோரி நெசவு" என்று பெயரிடும் மையங்களும் உண்டு. ஒப்பிட்டுப் பாருங்கள்.

கராக்கியா பற்றிய உங்கள் மாமனாரின் கேள்வி நியாயமானது. மிஷனரிமார் காலத்துக்குப் பின் வந்து "ஆமினே" என்று முடிகிற கிறிஸ்தவ வகையும் உண்டு. காடும் தோட்டமும் கடலும் நன்னீரும் தந்த உணவை வரவேற்று, அவற்றுக்குரிய மாவோரித் தெய்வங்களான தானே, ரொங்கோ, தங்கரோவா, மாரு ஆகியோரைப் பெயர் சொல்லி நினைக்கும் வகையும் உண்டு. உங்கள் மையத்தில் எது சொல்லப்படுகிறது என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் ஒவ்வோர் அடியையும் விளக்கிச் சொல்வார். விளக்கத் தெரியாமல் வெறுமனே சொல்ல வைப்பவர்களும் இருக்கிறார்கள், அந்த விடை கிடைத்தாலும் அதுவும் ஒரு செய்திதான்.

ஏடறிவோன் (வெலிங்டன்)

சகோதரி வளர்பிறை எழுதியதற்குப் பின்னணியாகச் சில வரலாற்றுச் செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன். அவை தெரியாவிட்டால், ஒரு சிறு குழந்தையின் வாயில் வரும் மூன்று எண்களுக்கு ஏன் இவ்வளவு கனம் என்பது புரியாது.

1867ஆம் ஆண்டின் சுதேசப் பள்ளிகள் சட்டம் மாவோரிச் சிற்றூர்களில் ஆங்கிலவழிப் பள்ளிகளை நிறுவியது. பின் வந்த பத்தாண்டுகளில் பள்ளி வளாகத்தில் தாய்மொழி பேசியதற்காக அடி வாங்கிய தலைமுறைகள் உருவாயின. அப்படியிருந்தும் வீட்டில் மொழி நின்றது: 1913இல் மாவோரிப் பள்ளிக் குழந்தைகளில் 90 விழுக்காட்டினர் தம் மொழியைப் பேசினார்கள். 1953இல் அது 26 விழுக்காடு. 1975இல் 5 விழுக்காட்டுக்கும் கீழ். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வேலை தேடி நகரங்களுக்கு வந்த குடும்பங்களை வெள்ளையர் குடியிருப்புகளுக்கிடையே ஒன்றிரண்டாகப் பிரித்துக் குடியமர்த்திய அரசுக் கொள்கை இதில் பெரும் பங்கு வகித்தது. பேசுவதற்குப் பக்கத்து வீட்டில் ஆள் இல்லை. அடி வாங்கிய பெற்றோரும் தம் பிள்ளைகளுக்கு அந்த நிலை வேண்டாமென்று ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டார்கள். 1961இல் தொடங்கப்பட்ட மாவோரி கல்வி அறக்கட்டளை முன்பள்ளிகளை ஊக்குவித்தது உண்மை. ஆனால் அன்றைய பொதுக் கண்ணோட்டம், மாவோரிக் குழந்தைகளைப் பள்ளியின் ஆங்கிலத்துக்கு முன்கூட்டியே பழக்க வேண்டும் என்பதுதான். மழலையர் கல்வி என்னும் அதே கருவி இருபதே ஆண்டுகளில் நேரெதிர்த் திசையில் பயன்பட்டது என்பதே இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் வியப்பூட்டுவது.

1972 செப்டம்பர் 14 அன்று, பள்ளிகளில் மாவோரி கற்பிக்க வேண்டும் என்று கோரி 30,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்டது. ஹானா தெ ஹெமாராவும் ங்கா தமத்தோவா என்னும் மாவோரி உரிமை இயக்க இளைஞர்களும் மொழிச் சங்கத்து மாணவர்களும் வீடு வீடாகச் சென்று திரட்டிய கையெழுத்துகள் அவை. அதே பத்தாண்டில் ரிச்சர்ட் பெண்டன் நடத்திய கணக்கெடுப்பு, மொழியைச் சரளமாகப் பேசுவோர் பெரும்பாலும் முதியவர்களே, வீட்டில் அம்மொழியில் வளரும் குழந்தைகள் மிகச் சிலரே என்பதை வெளிப்படுத்தியது. பள்ளிப் பாடமாக்கினால் காலம் கடந்துவிடும் என்று மூத்தோர் கூட்டங்களில் முடிவாயிற்று. பேசத் தெரிந்த பாட்டிகளையும் பேசத் தொடங்கும் பேரக்குழந்தைகளையும் ஒரே கூரையின் கீழ் வைத்துவிட வேண்டும் என்பது திட்டம். 1982இல் வெலிங்டனை அடுத்த வைனுயோமாட்டாவில், புகேயாத்துவா என்னுமிடத்தில், முதல் கோஹங்க ரெயோ திறக்கப்பட்டது. கோஹங்க ரெயோ என்பது முழுவதும் மாவோரி மொழியிலேயே நடக்கும் மழலையர் கூடம். இரித்தானா தாஃபிஃபிரங்கி அம்மையார் இந்த இயக்கத்துக்குத் தலைமை ஏற்றவர்களுள் முதன்மையானவர். 1993க்குள் 809 கூடங்கள், 14,000க்கும் மேற்பட்ட குழந்தைகள். அதாவது மழலையர் கல்வியில் இருந்த மாவோரிக் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர்.

அரசு இதை வடிவமைக்கவில்லை. மக்கள் மரயே என்னும் சமூகக் கூடங்களிலும் தேவாலய அறைகளிலும் வீட்டு வாகன நிறுத்தங்களிலும் தொடங்கினார்கள். அரசின் மாவோரி விவகாரத் துறை துணைநின்றது. ஹவாய்த் தீவு மக்கள் இதைப் பார்த்துத்தான் தங்கள் பூனானா லேயோ முன்பள்ளிகளை 1980களில் தொடங்கினார்கள்.

நேர்க்கோடு (ஹாமில்டன்)

வரலாறு வருந்தத்தக்கது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும் இந்த இழையில் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதால் மறுபக்கத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கோஹங்க ரெயோ வேறு, நம் பிள்ளைகள் செல்லும் ஆங்கிலவழி மையம் வேறு. முன்னதில் மொழி பிழைக்கிறது. பின்னதில், மொழி தெரியாத ஆசிரியர் மொழி தெரியாத பிள்ளைக்குத் தவறான உச்சரிப்பில் பத்துச் சொற்களைச் சொல்லித் தருகிறார். ஒன்றை ஒன்றோடு குழப்பிக்கொண்டு, முன்னதன் பெருமையைப் பின்னதற்குச் சூட்டுகிறோம். இரண்டாவதாக, ஆக்லாந்தில் ஒரே அறையில் சமோவா, தொங்கா, சீனம், இந்தியா, பிலிப்பைன்ஸ் என்று பல நாட்டுக் குழந்தைகள் இருக்கிறார்கள். இரு பண்பாட்டு நாடு என்ற சட்டகத்துக்குள் இவர்களெல்லாம் எங்கே நிற்கிறார்கள்? என் மகன் மையத்தில் நடுக் குளிர்காலத்தில் வரும் மாவோரிப் புத்தாண்டான மத்தாரிக்கி விழாவுக்கு இரண்டு வாரம் ஆயத்தம் நடந்தது. பொங்கலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மூன்றாவதாக, ஐந்து வயதில் பெரும்பாலான குழந்தைகள் சேரும் ஆங்கிலவழித் தொடக்கப்பள்ளியில் இந்தச் சொற்களும் தொடர்வதில்லை. தொடராத ஒன்றை எதற்காகத் தொடங்க வேண்டும் என்று கேட்பது பகைமை ஆகாது என்று நினைக்கிறேன்.

அப்பத்தா (ரொட்டொருவா)

தம்பி நேர்க்கோடு, நீங்கள் கேட்பதில் தவறில்லை. ஆனால் கோஹங்காவை உள்ளேயிருந்து பார்த்தவள் என்ற முறையில் நானும் கொஞ்சம் எழுதுகிறேன்.

என் மருமகள் மாவோரிப் பெண். என் மகனும் அவளும் குழந்தையைக் கோஹங்க ரெயோவில்தான் விடுவோம் என்று முடிவெடுத்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆங்கிலம் எப்படி வரும் என்று கேட்டேன். தொலைக்காட்சியும் தெருவும் தாமாகவே கொடுத்துவிடும் அத்தை, அதற்குப் பள்ளி வேண்டாம் என்றாள். அப்படியே நடந்தது.

அங்கே பிள்ளையை வாசலில் விட்டுவிட்டுப் போய்விட முடியாது. குடும்பம் முழுவதும் சேர்ந்துதான் கூடத்தை நடத்துகிறது. கட்டணம் எவ்வளவு, யாரை வேலைக்கு எடுப்பது, கூரை ஒழுகினால் என்ன செய்வது என்பதெல்லாம் பெற்றோரும் பெரியவர்களும் கூடிப் பேசி முடிவு செய்வது. ஃபானாவ் என்று அவர்கள் சொல்லும் அந்தக் குடும்பக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. வாசற்கதவைத் தாண்டினால் மாவோரி மட்டும்தான் பேச வேண்டும். எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆகையால் தொடக்கத்தில் வாய் திறக்காமல் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான அம்மாள் ஒவ்வொரு காயையும் தூக்கிக் காட்டிப் பெயர் சொல்வார். நான் சொல்லும்வரை கத்தியைத் திருப்பித் தர மாட்டார். மொழி எனக்கு அப்படித்தான் வந்தது. நெடில் குறில் வேறுபாடு நம் காதுக்குப் பழக்கம் என்பதால் உச்சரிப்பு எனக்குச் சிரமமாக இல்லை. என் சம்பந்தி வீட்டார் அதற்காகவே என்னை மெச்சுவார்கள்.

குழந்தைகளை வயதுப்படி அறை அறையாகப் பிரிப்பதும் அங்கே இல்லை. நடக்கத் தெரிந்தது தவழ்வதைப் பார்த்துக்கொள்ளும். நாலு வயசு இரண்டு வயசுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும். மூத்தது இளையதைத் தாங்க வேண்டும், இளையது மூத்ததைப் பார்த்துப் பழக வேண்டும் என்பது அவர்கள் வளர்ப்பு முறையின் அடிப்படை. ஊரில் யாராவது இறந்துவிட்டால் குழந்தைகளையும் மரயேவுக்கு அழைத்துப் போகிறார்கள். மூன்று நாள் உடலைச் சுற்றி உறவினர் உட்கார்ந்திருப்பார்கள், குழந்தைகள் அங்கேயே விளையாடும், அங்கேயே தூங்கும். சாவைக் குழந்தைகளிடமிருந்து மறைப்பதில்லை. நகரத்து மையங்களில் இதையெல்லாம் செய்ய முடியாது என்பது எனக்கும் தெரியும். பண்பாடு என்றால் பாட்டும் பதாகையும் மட்டுமல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

வளர்பிறை

அப்பத்தா எழுதியதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. நாங்கள் பணியாற்றும் முழுநேர மையங்களில் இரண்டு வயதுக்கு மேற்பட்ட பத்துப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். இரண்டுக்கும் குறைந்தவர்களில் ஐந்து பேருக்கு ஒருவர். பெரிய வணிக மையங்கள் பிள்ளைகளை வயதுவாரியாக அறைகளில் அடைப்பதால், மூத்தது இளையதைத் தாங்கும் முறை கட்டடத்தின் வரைபடத்திலேயே அடிபட்டுப் போகிறது. மாவோரி அணுகுமுறையைச் சேர்ப்பது என்றால் சில இடங்களில் சுவரை இடிக்க வேண்டும். சொற்பட்டியலை ஒட்டுவது அதைவிட மலிவு.

நேர்க்கோடு அவர்களின் பொங்கல் குறைக்கு என் மறுமொழி இது. சி5க்கு அடுத்ததாகவே சி6 இருந்தது; ஒவ்வொரு பிள்ளையும் தன் சொந்தப் பண்பாட்டில் உறுதியோடு இருக்கும் உரிமையை மையம் மதித்துத் துணைநிற்க வேண்டும் என்பது அதன் சாரம். பொங்கலைக் கேட்காதது மையத்தின் தவறே, ஆனால் மத்தாரிக்கியைக் கொண்டாடியது அதற்குக் காரணம் அல்ல. என் அனுபவத்தில், மாவோரிக் குடும்பங்களிடம் முறையாகப் பேசத் தெரிந்த மையமே தமிழ்க் குடும்பத்திடமும் பேசத் தெரிந்த மையமாக இருக்கிறது. நீங்களாகவே சொன்னால் பெரும்பாலோர் ஆவலோடு வரவேற்பார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

பெபெஹா பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. தன்னை அறிமுகம் செய்யும்போது என் மலை இது, என் ஆறு இது, என் முன்னோர் வந்த படகு, என் குலம், என் மரயே என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில்தான் தன் பெயரைச் சொல்வது மாவோரி முறை. மையங்களில் எல்லாப் பிள்ளைகளையும் இதைச் சொல்ல வைக்கிறார்கள். ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்துக்கு "உங்கள் மலை எது, ஆறு எது" என்று எழுதித் தரும்படி தாள் கொடுக்கப்பட்டது. தாய் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்து சிரித்தார். யாழ்ப்பாணத்தில் மலையுமில்லை, ஆண்டு முழுதும் ஓடும் ஆறுமில்லை. கீரிமலை என்று பெயர்தான் மலை, பார்க்கப் போனால் கடற்கரைக் கேணி. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். இருந்தும் அந்தத் தாய் தன் மாமனாரோடு தொலைபேசியில் பேசி, ஊர்க் கிணற்றையும் கேணியையும் பனங்காணியையும் எழுதிக் கொண்டுவந்தார். அந்தப் பிள்ளை அதைச் சொன்னபோது, அங்கிருந்த மாவோரி ஆசிரியை, நீ உன் தண்ணீரைச் சொல்லிவிட்டாய், அது போதும் என்றார்.

இதற்கு மறுபுறமும் உண்டு. இங்கே குடியேறிய பிள்ளை "அவொராக்கி என் மலை" என்று சொல்லலாமா? கூடாது என்று மாவோரிகளில் பலர் வலியுறுத்துகிறார்கள். அந்த மலை ங்காய் தாஹு மக்களின் மூதாதை, அதன் மேல் உரிமை சொல்வது உறவு கோருவதாகும். அந்த மலையின் நிழலில் வளர்கிறேன், இந்த ஆற்றங்கரையில் வாழ்கிறேன் என்று சொல்வதற்கு வேறு வாக்கிய அமைப்புகள் இருக்கின்றன. எங்கள் மையத்தில் அவற்றைத்தான் பயன்படுத்துகிறோம். இன்னொன்று: தென் தீவில் ங்காய் தாஹு மக்கள் மெல்லின ஙகரம் வரும் பல இடங்களில் ககரம் ஒலிப்பார்கள். கிறைஸ்ட்சேர்ச் மையமொன்றில் வடதீவு உச்சரிப்பு மட்டுமே கேட்குமானால், அந்த மையம் உள்ளூர் மாவோரிகளை ஒருமுறையும் கலந்து பேசவில்லை என்று நான் ஊகித்துக்கொள்வேன். பெரும்பாலும் ஊகம் பொய்ப்பதில்லை.

நேர்க்கோடு

சி6 செய்திக்கு நன்றி. அதை எடுத்துக்கொண்டு மையத்தில் பேசிப் பார்க்கிறேன். ஆனால் ஆசிரியர்களின் மொழித்திறன் பற்றிய என் கேள்வி அப்படியே நிற்கிறது. ஆசிரியர்களுக்கு மாவோரி கற்பிக்க அரசு நடத்திய தெ ஆஹு ஒ தெ ரெயோ மாவோரி என்னும் பயிற்சித் திட்டத்திலிருந்து 3 கோடி டாலரை எடுத்துக் கணிதப் பயிற்சி நூல்களுக்கு ஒதுக்குவதாகக் கல்வி அமைச்சர் எரிக்கா ஸ்டான்ஃபோர்டு 2024இல் அறிவித்தார். மாணவர் முன்னேற்றத்தில் அத்திட்டத்தின் பயன் நிறுவப்படவில்லை என்பது அவர் தரப்பு வாதம். அதை நான் முழுதும் ஏற்கவில்லை. ஆனால் அரசே கை விடும்போது, பாதி அறிந்த ஆசிரியர்களை வைத்து எப்படி நடத்துவது? அரைகுறையாகக் கற்பிப்பதைவிடக் கற்பிக்காமலிருப்பது மேல் என்று ஒரு கட்டத்தில் சொல்லத்தானே வேண்டும்?

ஏடறிவோன்

அந்தக் கட்டத்துக்கு நான் வரமாட்டேன். ஆசிரியர் பாதி அறிந்தவர் என்றால் மீதியைக் கற்பிக்க வேண்டும். அந்தப் பயிற்சிக்கான பணத்தைத்தான் எடுத்துவிட்டார்கள். பெரியவர்களுக்கு மொழி கற்பிக்கும் வழி தெரியாத நாடு அல்ல இது. காத்தரீனா மத்தாய்ராவும் ங்கோயி பேஃபைரங்கியும் 1979இல் தொடங்கிய தெ ஆத்தாரங்கி முறையில், வண்ணக் குச்சிகளை மேசையில் வைத்து, புத்தகமும் ஆங்கிலமும் இல்லாமல், ஆயிரக்கணக்கான பெரியவர்கள் பேசக் கற்றிருக்கிறார்கள். ஊதியத்தோடு கூடிய பயிற்சி நேரம் தரப்பட்டால் மழலையர் ஆசிரியர்களால் இது முடியும். நேரம் தராமல் உச்சரிப்பைக் குறை கூறுவது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

ஐந்து வயதுக்குப் பின் தொடர்ச்சி அறுந்து போகிறது என்ற உங்கள் கருத்து முற்றிலும் சரி. அதைக் கோஹங்கா பெற்றோரே முதலில் கண்டார்கள். கூடத்திலிருந்து சென்ற குழந்தைகள் ஆங்கிலப் பள்ளியில் விரைவில் மொழியை இழக்கத் தொடங்கியதால்தான் 1985இல் மேற்கு ஆக்லாந்தின் ஹோவானி வைத்தித்தி மரயேவில் முதல் மாவோரிவழிப் பள்ளி திறக்கப்பட்டது. தொடர்ச்சி இல்லையென்று தொடக்கத்தைக் கைவிடாமல் அடுத்த படியைக் கட்டினார்கள். அடுத்த ஆண்டு, ஒப்பந்த மீறல் பற்றிய முறையீடுகளை விசாரிக்கும் வைத்தாங்கி நடுவம், மொழியும் ஒப்பந்தப்படி அரசு காக்க வேண்டிய அரும்பொருளே என்று அறிக்கை தந்தது; 1987இல் மாவோரி அதிகாரமுறை மொழியாயிற்று.

அதே சமயம், அரசு கைகொடுத்தால் எல்லாம் செழிக்கும் என்றும் நான் நினைக்கவில்லை. 1990இல் கோஹங்க ரெயோ கல்வி அமைச்சின் கீழ் வந்த பின், கட்டடத் தரம், ஆசிரியர் பட்டம், ஆய்வு அறிக்கை என்று பொது மழலையர் மையங்களுக்கு வகுத்த அளவுகோல்களையே அதற்கும் வைத்தார்கள். மூத்தோரின் மொழியறிவுக்குப் பட்டச் சான்றிதழ் உண்டா? நிதியும் அதற்கேற்பக் குறைந்தது. கூடங்களின் எண்ணிக்கை 809லிருந்து இன்று சற்றேறக்குறையப் பாதியாகிவிட்டது. கோஹங்கா அறக்கட்டளை தொடுத்த வழக்கில் 2012ஆம் ஆண்டு நடுவம் வெளியிட்ட அறிக்கை, அரசு ஒப்பந்தக் கடமையில் தவறியதாகவே கண்டது. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் கோஹங்க ரெயோவுக்கெனத் தனிப் பாடத்திட்டப் பகுதி, பொதுப் பகுதியோடு முதுகுக்கு முதுகு ஒட்டிய ஒரே நூலாக அச்சாயிற்று.

2023 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாவோரி பேசுவோர் 213,849 பேர், நாட்டு மக்களில் 4.3 விழுக்காடு; 2018இல் 185,955. 1970களில் செத்துவிடும் என்று கருதப்பட்ட மொழிக்கு இது சிறு எண்ணிக்கை அல்ல. மாவோரி இனத்தவர் ஏறத்தாழ 9 இலட்சம் பேர் என்பதோடு சேர்த்துப் பார்த்தால் பெரிய எண்ணிக்கையும் அல்ல.

நிலாவின் அப்பா

இவ்வளவு விரிவான மறுமொழிகளை எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. மையத்தில் கேட்டேன். அவர்கள் சொல்லும் கராக்கியா, சகோதரி விளக்கிய காடு, தோட்டம், கடல், நன்னீர் வகைதான். மாமனாரிடம் சொன்னதும், "நிலத்தையும் நீரையும் கும்பிடுவதில் என்ன தப்பு" என்று ஏற்றுக்கொண்டார். துணி துவைக்கும் அறையைப் பற்றிக் கேட்டபோதுதான் மேலாளர் சற்றுத் தடுமாறினார்.

என் மனைவியின் கேள்விக்கு மட்டும் இன்னும் விடை வரவில்லை. தமிழ் என்ன ஆகும்?

வளர்பிறை

மன்னிக்கவும், அதை எளியது என்று சொல்லிவிட்டு எழுதாமலே விட்டுவிட்டேன். தமிழை உங்கள் வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடியது ஆங்கிலம் ஒன்றே. மையத்தில் வாரம் முழுதும் கேட்கும் மாவோரியை எல்லாம் கூட்டினாலும், மகள் ஒரே மாலையில் கைப்பேசியில் பார்க்கும் ஆங்கிலக் காணொளிகளுக்கு ஈடாகாது. சிறு பிள்ளைகள் யாரிடம் எந்த மொழி என்று மிக விரைவில் பிரித்துக்கொள்வார்கள். நடுவில் சொற்கள் கலந்து வருவது குழப்பமல்ல, வளர்ச்சியின் இயல்பு. நீங்கள் இருவரும் அவளிடம் தமிழில் மட்டும் பேசுங்கள், தாத்தா ஊர் திரும்பிய பின்னும் நாள்தோறும் தொலைபேசியில் பேச வையுங்கள். படிக்கட்டில் அவள் மாவோரியில் எண்ணிக்கொண்டு ஏறினால் இறங்கும்போது தமிழில் எண்ணச் சொல்லுங்கள். ஆங்கிலத்தைத் தவிர இன்னொரு மொழிக்கும் பொதுவிடத்தில் மதிப்புண்டு என்று பார்த்து வளரும் பிள்ளை, மையத்தில் "அம்மா, தண்ணி" என்று உரக்கச் சொல்ல வெட்கப்படுவதில்லை. வகுப்பறையில் நான் திரும்பத் திரும்பக் காண்பது இது.

மேலாளர் தடுமாறியது நல்லதற்கே. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அதையே மீண்டும் கேளுங்கள். அதோடு, உள்ளூர் இவியோடு, அதாவது அப்பகுதிக் குலத்தாரோடு, மையத்துக்குத் தொடர்பு உண்டா, ஆசிரியர்கள் மொழி கற்க ஊதியத்தோடு நேரம் தரப்படுகிறதா என்றும் கேளுங்கள். பெற்றோர் கேட்டால் மையம் அசையும். ஆசிரியர்கள் நாங்கள் கேட்டால் வரவுசெலவுப் பட்டியலைக் காட்டுவார்கள்.

அப்பத்தா

நிலாவின் அப்பா, ரொட்டொருவா பக்கம் வந்தால் சொல்லுங்கள். எங்கள் கோஹங்காவுக்கு அழைத்துப் போகிறேன், ஆனால் முன்கூட்டியே தெரிவித்துவிட்டு வர வேண்டும். புதியவர்களை முறைப்படி வரவேற்றுத்தான் உள்ளே விடுவார்கள். வரவேற்புப் பேச்சுக்குப் பிறகு உங்கள் தரப்பிலிருந்து ஒரு பாட்டுப் பாட வேண்டியிருக்கும். தமிழ்ப் பாட்டே பாடலாம், ஒன்றைக் குடும்பத்தோடு பழகிக்கொண்டு வாருங்கள். நேர்க்கோடு தம்பியும் வரட்டும். ஹாமில்டனிலிருந்து ஒன்றரை மணி நேரம்தானே.